மூளைப் படமும் கைநாட்டும்



மலையகத்துத் தோட்டங்களைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் இரண்டு பொருள்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று தேயிலை; மற்றொன்று குடி. தேயிலையைப் பற்றிப் பேசுவோர் விளைச்சலையும் விலையையும் கணக்கிட்டுப் பேசுவர். குடியைப் பற்றிப் பேசும்போதோ கணக்கு மறைந்து கண்டனம் வந்துவிடுகின்றது. கோயில் திருவிழா மேடையிலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும் குடிப்பவனுக்குப் புத்தி சொல்லாத பேச்சாளர் அரியர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். புத்திமதிக்கு நம்மிடையே எக்காலத்தும் பஞ்சம் இருந்ததில்லை.

ஆயினும், அந்தப் புத்திமதியைக் கேட்டு, அது சரியென்று ஒப்புக்கொண்டு, காலையில் மாரியம்மன் சந்நிதியிலே சத்தியமும் செய்துவிட்டு, மாலையில் மீண்டும் தவறணைப் பக்கம் நடக்கின்ற மனிதனை நாம் எல்லோரும் அறிவோம். அவன் பொய்யன் அல்லன். காலையில் அவன் செய்த சத்தியமும் உண்மை. மாலையில் அவனை இழுத்த இழுப்பும் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையிலே அவனுக்குள் நடப்பது யாது?

இக்கேள்விக்கு விடை காண்பதற்காக உலகின் பல நாடுகளில் மருத்துவ அறிஞர் உயிருள்ள மனிதரின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து வருகின்றனர். அதற்கு இயந்திரம் மட்டும் போதாது; மனிதர் வேண்டும். குடிப்பவரும் வேண்டும், குடியாதவரும் வேண்டும், குடிப்பவரின் பிள்ளைகளும் வேண்டும். அவர்கள் தாமாக முன்வந்து, "என்னைப் படமெடுத்துப் பாருங்கள்" என்று இடங்கொடுத்தால்தான் ஆராய்ச்சி நடைபெறும். நாளைக்கு இத்தகைய அழைப்பு ஹற்றனிலோ தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள ஒரு தோட்டத்து இளைஞனுக்கு வருமானால் அவன் என்ன விடை கூறவேண்டும்? அதைக் குறித்தே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

முதலில், படமெடுப்பது என்றால் என்ன என்பதைத் தெளிந்துகொள்வோம். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக் கருவி, நீண்ட குழாயைப் போன்ற வடிவமுடையது. அதன் காந்த வலிமை பூமியின் காந்த வலிமையைப் போலப் பல்லாயிரம் மடங்காகும். நம் மூளையிலே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். அந்த நீரிலுள்ள ஐதரசன் அணுக்களின் கருக்கள் இக்காந்தத்தின் ஆட்சிக்குட்பட்டு ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையொன்றைச் செலுத்தி அவ்வொழுங்கைச் சற்றே குலைத்தால், அவை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சைகைகளை வெளிவிடும். அச்சைகளைக் கணினி தொகுத்துப் படமாக்குகின்றது. நீங்கள் இப்போது என் குரலைக் கேட்பதற்குத் துணைசெய்யும் அதே வகை அலைகள் அங்கே மூளையின் வடிவத்தைக் கூறுகின்றன என்பது வியப்பன்றோ! இக்கருவிக்கு வழிவகுத்த போல் லோட்டபர், பீட்டர் மான்ஸ்பீல்ட் ஆகிய இருவருக்கும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. ஆனால் குழாய்க்குள் அசையாமற் படுத்திருக்கவேண்டும். தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஓசை காதைத் துளைக்கும். அடைபட்ட இடத்தை அஞ்சுவோர்க்கு அது கடினமான நேரமே. உடம்பில் உலோகம் எதுவும் இருத்தலாகாது. எனவே நம் பெண்கள் மூக்குத்தியையும் தாலியையும் கழற்றி வைக்கும்படி கேட்கப்படுவர். இதை முன்கூட்டியே சொல்லாமல் அறை வாசலில் வைத்துச் சொன்னால் ஒரு தாய் எவ்வளவு கலங்குவாள் என்பதை ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்க்கவேண்டும். வேறொரு முறையும் உண்டு. பெற் எனப்படும் அம்முறையில், சிறிதளவு கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றிப் படமெடுப்பர். அதற்கு அளவும் கட்டுப்பாடும் மிகுதி. ஆகவே, "மூளைப் படம்" என்று ஒருவர் கூறினால் எந்த வகைப் படம் என்று கேட்டறிவது நமது முதற் கடமையாகும்.

இத்தகைய ஆராய்ச்சிகளால் அறிந்தது என்ன?

1954ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரிலே ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளையிலே குறித்த ஓர் இடத்தில் மெல்லிய மின்னோட்டம் பாயும்படி செய்தனர். ஒரு நெம்பியை அழுத்தினால் அந்த மின்னோட்டம் கிடைக்கும். அதைக் கண்டுகொண்ட எலிகள் அந்த நெம்பியையே மீண்டும் மீண்டும் அழுத்தின. நல்ல உணவும் நல்ல உறவும் தருகின்ற நிறைவை, "இதை மறவாதே, மீண்டும் நாடு" என்று உயிருக்குக் கற்பிக்கும் ஒரு பாதை மூளையில் உண்டு என்பது அதனால் புலனாயிற்று. அப்பாதையிலே டோப்பமின் என்னும் இரசாயனப் பொருள் தூது செல்கின்றது. மதுவும் புகையிலையும் பிற போதைப் பொருள்களும் அந்தத் தூதைக் களவாடி, அளவுக்கு மீறிப் பெருக்கி, பொய்யான பாடத்தைப் புகட்டுகின்றன. அமெரிக்காவில் நோரா வொல்கோவும் அவருடன் ஆராய்ந்தோரும், போதைக்கு நெடுங்காலம் அடிமைப்பட்டவர்களின் மூளையில் டோப்பமினை ஏற்கும் ஒருவகை ஏற்பிகள் குறைந்திருப்பதைப் பெற் படங்களின் வாயிலாகக் காட்டினர். ஏற்பி குறைந்தால் இயல்பான இன்பங்கள் சுவையற்றுப் போகின்றன. பிள்ளையின் சிரிப்பும் சூடான தேநீரும் தராத நிறைவைத் தேடி மனிதன் போத்தலிடம் போகின்றான்.

2007ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இன்னும் வியப்பூட்டுவது. பக்கவாதம் முதலியவற்றால் மூளையில் ஊறுபட்ட புகைப்பிடிப்பாளர் சிலரை அமெரிக்க அறிஞர் ஆராய்ந்தனர். மூளையின் ஆழத்தே இன்சுலா எனப்படும் ஒரு பகுதி உண்டு. அப்பகுதி சேதமுற்றோருள் பலர், முயற்சியே இன்றிப் புகைத்தலை விட்டிருந்தனர். ஆசையே எழவில்லை என்றனர். "விடமுடியவில்லை" என்று ஒருவன் சொல்வதற்கு உடம்பிலே ஓர் இருப்பிடம் உண்டென்பதை நோயுற்ற அம்மனிதர்கள் உலகுக்குக் கூறிச் சென்றனர்.

இனி நமக்கு அண்மையில் வருவோம். பெங்களூரிலே நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கின்றது. அங்கே விவேக் பெனகலும் அவரது குழுவினரும் மதுவுக்கு அடிமையான தந்தையரின் மக்களை ஆராய்ந்தனர். அம்மக்கள் தாம் இன்னும் மது அருந்தத் தொடங்காதவர்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அவ்விளைஞர்களின் மூளையில் சில பகுதிகள் மற்றையோருக்கு உள்ளதைவிடச் சற்றுச் சிறுத்திருந்தன. படபடப்பு, பொறுமையின்மை முதலிய இயல்புகளோடு அதற்குத் தொடர்பும் காணப்பட்டது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து பொருளுதவி புரிய, சீ-வேதா என்ற பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. பெங்களூர், மைசூர், சண்டிகர், கல்கத்தா, இம்பால், ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கு முதலிய இடங்களில் 6 வயது முதல் 23 வயது வரையுள்ள ஏறத்தாழ 9,000 பேர் அதிற் சேர்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மூளைப் படமும் எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவிலும் 9, 10 வயதுச் சிறுவர் ஏறத்தாழ 12,000 பேரைச் சேர்த்து, ஆண்டாண்டாகத் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது.

நேயர்களே, இந்தச் செய்திகள் தோட்டத்துப் பாடசாலை ஒன்றின் வகுப்பறைக்குள் நுழையும்போது அவற்றின் பொருள் ஆழமாகின்றது. தந்தை குடிகாரர் என்று அறியப்பட்ட சிறுவன், மற்றோர் வாயால் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "அப்பனைப் போலத்தான் இவனும் வருவான்." இதைச் சொல்லாத அயலார் இல்லை; சில வேளை ஆசிரியரும் சொல்லிவிடுகின்றனர். மேலே கூறிய பெங்களூர் ஆராய்ச்சியை அரைகுறையாகக் கேட்போர், "பார்த்தீர்களா, அறிவியலே சொல்லிவிட்டது" என்று மகிழவுங் கூடும். அது முற்றிலும் பிழை. மதுவுக்கு அடிமையாகும் சார்பிலே பரம்பரையின் பங்கு ஏறத்தாழ அரைவாசி என்பது அறிஞர் துணிபு. எஞ்சிய அரைவாசி வளர்ப்பிலும் சூழலிலும் வாய்ப்பிலும் உள்ளது. குடிப்பவரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் குடிக்கு அடிமையாவதில்லை. மூளையின் முன்பகுதி, அதாவது பொறுத்திருக்கவும் ஆராய்ந்து முடிவு செய்யவும் துணைபுரியும் பகுதி, இருபத்தைந்து வயதளவும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றது. நெடுங்காலம் குடித்தவர் குடியை விட்டபின் எடுத்த படங்களிலே, சுருங்கியிருந்த பகுதிகள் ஓரளவு மீண்டு வருவதும் காணப்பட்டுள்ளது. ஆகவே படம் காட்டுவது தலையெழுத்தை அன்று. எங்கே கூடுதற் கவனம் வேண்டும் என்பதையே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு மதுவும் புகையிலையும் விற்கலாகாது என்று விதித்திருப்பதற்கு மூளையின் வளர்ச்சியும் நல்லதொரு நியாயமாகும்.

அப்படியாயின், நம் மக்கள் இத்தகைய ஆராய்ச்சிக்கு முன்வருவது நல்லதுதானா? நல்லது என்றே நான் கருதுகின்றேன். ஏனெனில், எவருடைய மூளை ஆராயப்படுகின்றதோ அவருடைய வாழ்க்கைக்கு ஏற்பவே அறிவும் அமைகின்றது. செல்வந்த நாடொன்றின் பல்கலைக்கழக மாணவனைப் படமெடுத்துக் கண்ட முடிவு, விடியற்காலைக் குளிரிலே பெரட்டுக்கு ஓடி, அட்டை கடிக்க மலையேறி, மாலையில் ஒற்றைக் காம்பராவுக்குத் திரும்பும் ஒருவனுக்கு அப்படியே பொருந்துமென்று கூற இயலாது. நாம் இல்லாத படத்திலே நமக்கான மருந்து இருக்குமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

ஆனால், "முன்வருதல்" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. "மாட்டேன்" என்று சொல்லக்கூடியவன் "சரி" என்று சொன்னால்தான் அது முன்வருதல். மற்றையது இழுத்துவரப்படுதல். இவ்வேறுபாட்டை மலையகத்து மக்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை; நமது சரித்திரமே கற்பித்திருக்கின்றது.

கடதாசியும் கைநாட்டும் நம்மவரை எவ்வாறு ஆண்டன என்பதை எண்ணிப் பாருங்கள். "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய ஒரு துண்டுக் கடதாசி, அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றியது. கடன் எவ்வளவு என்பதைக் கங்காணி அறிவார்; கைநாட்டிட்டவன் அறியான். 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒரு கடதாசி இல்லாத காரணத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னைக்கு ஒதுக்கி வைத்தது. அந்த மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அன்று அது. விண்ணப்பத்தில் எந்த நாட்டின் பெயர் எழுதப்பட்டது என்பதைச் சரிவர அறியாமலே பெருவிரலைப் பதித்த பெரியவர்களின் கதைகள் இன்றும் நம் லயங்களிலே வழங்கிவருகின்றன. அந்த நெடிய கதை சட்டத்தளவில் முடிவுற 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உலகின் மருத்துவச் சரித்திரத்திலும் இதற்கு ஒப்பான இருள் உண்டு. நாசி வைத்தியர்கள் சிறைமுகாம்களிலே செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம், மனிதனின் சுயவிருப்பமான சம்மதம் இன்றி அவன்மீது பரிசோதனை செய்யலாகாது என்பதை 1947இல் முதல் விதியாக வகுத்தது. அவ்விதி வகுத்த பின்னரும், அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரிலே வறிய கறுப்பின மக்களின் மேகநோயை, மருந்து இருந்தும் கொடாமல், வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தனர். 1932இல் தொடங்கிய அது 1972வரை நீடித்தது. அவர்களும் தோட்டங்களிலும் வயல்களிலும் உழைத்த ஏழைகளே. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் உலக வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நெறிகளை வகுத்தது. இன்று முறையான ஆராய்ச்சி எதுவும் நெறிமுறைக் குழுவொன்றின் அனுமதியைப் பெற்ற பின்னரே தொடங்கப்பட வேண்டும்.

எனவே, அழைப்பு வரும்போது அஞ்சி ஓடவும் வேண்டா. தலையசைத்து ஒப்பவும் வேண்டா. கேள்வி கேட்போம். எந்த நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி வழங்கியது? என் பெயர் எங்கே எழுதப்படும், யார் பார்ப்பர்? படத்திலே வேறொரு நோய் தற்செயலாகத் தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா? குழாய்க்குள் எனக்குத் திணறல் ஏற்பட்டால் உடனே வெளியேற வழியுண்டா? இடையில் விலகிக்கொண்டால் வைத்தியசாலையில் எனக்குரிய சிகிச்சைக்குப் பாதகம் வருமா? அன்றைய நாட்பேருக்கும் வழிச்செலவுக்கும் ஈடு கிடைக்குமா? ஈடு என்பது இழந்ததை நிரப்பும் அளவினதாய் இருத்தல் வேண்டும். வறுமையின் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் அளவுக்குப் பணத்தை நீட்டுவதும் ஒருவகை வற்புறுத்தலே. இவ்விடைகள் அனைத்தும் நமக்கு விளங்கும் தமிழிலே எழுதப்பட்டு, வாசிக்க இயலாதவருக்கு நம்பிக்கையான ஒருவரால் வாசித்துக் காட்டப்படவும் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடமும் பிள்ளையிடமும் கலந்து பேச நாலைந்து நாள் தவணை தருவதும் முறையாகும்.

அழைப்பு எவர் வாயிலாக வருகின்றது என்பதும் பெரிதும் கவனிக்கத்தக்கது. பெரட்டுக் களத்திலே துரையோ கணக்கப்பிள்ளையோ பெயர்களை வாசித்தால் அது அழைப்பாகாது, வேலைப் பங்கீடாகும். தொழிற்சங்கத் தலைவர் கைகாட்டினால் அது விசுவாசத்தின் சோதனையாகும். பாடசாலை அதிபருக்கும் இதே விதிதான். என் போன்றோர் ஒரு பெற்றாரிடம், "உங்கள் மகனை அனுப்புங்கள்" என்று சொன்னால், அப்பெற்றாரின் காதிலே அது வேண்டுகோளாக விழுவதில்லை, கட்டளையாகவே விழும். மேலும், இது குடியைப் பற்றிய ஆராய்ச்சி. எந்தப் பிள்ளையின் தந்தை குடிப்பவர் என்று ஒரு பட்டியலை அதிபர் எழுதிக் கொடுத்தால், அறிவுக்கு உதவுவதாக எண்ணி ஒரு குடும்பத்தின் மானத்தை விற்றவராவார். ஆகையால், நிழல் நம்மீதுள்ள இடத்தில் நாம் சற்று விலகி நிற்பதே நாம் செய்யக்கூடிய உதவி. செய்தியை எல்லோருக்கும் பொதுவாக அறிவிப்போம். யார் சென்றார், யார் செல்லவில்லை என்பதைக் கேளாதிருப்போம். சிறுவராயின் பெற்றாரின் சம்மதம் மட்டும் போதாது. அச்சிறுவனும் தன் வாயால் "சரி" என்று சொல்லவேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகளை நினைவூட்டவேண்டும். முதலாவது, ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு. படமெடுத்துக்கொண்டால் குடிப்பழக்கம் நீங்கிவிடும் என்று எவரும் நம்பிச் செல்லலாகாது. நூற்றுக்கணக்கானோரின் படங்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாட்டைக் கொண்டு, தனியொருவனைப் பார்த்து, "நீ குடிகாரன்" என்றோ "குடிகாரன் ஆவாய்" என்றோ கூறும் ஆற்றல் இப்படங்களுக்கு இல்லை. எனவே வேலைக்கோ கலியாணப் பேச்சுக்கோ இவற்றைச் சான்றாகக் காட்டவும் இயலாது. குடியை விடவிரும்புவோர் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுவதே தக்க வழி. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் அதனை வைத்தியரின் கண்காணிப்பில் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, மூளைப் படத்திலே லயம் தெரியாது. பத்தடிக் காம்பராவின் நெருக்கமும், கூலி போதாமையும், பாதையோரத்துத் தவறணையும், இரவில் ஓடையோரத்தே காய்ச்சும் கசிப்பும் எந்தக் காந்தத்துக்கும் அகப்படமாட்டா. குடியினால் வரும் வரியை எதிர்நோக்கிய அரசாங்கங்களும், சாராயக் குத்தகையினால் செழித்த செல்வரும் இந்நாட்டின் சரித்திரத்தில் உண்டு; அவர்களது மூளையை எவரும் படமெடுத்ததில்லை. "இது மூளையின் நோய்" என்ற சொல், குடிப்பவன்மீது சுமத்திய பழியைக் குறைக்குமாயின் நன்று. அதே சொல், விற்பவனையும் வீடு கொடாதவனையும் குற்றத்திலிருந்து விடுவிக்கப் பயன்படுமாயின் தீது. ஆராய்ச்சிக்கு இடங்கொடுப்பவர் இதையும் கேட்டறிய உரிமையுடையவர்: எங்கள் மூளையோடு எங்கள் வாழ்க்கையையும் எழுதிக்கொள்வீர்களா?

நேயர்களே, தோட்டத்து மக்கள் இந்நாட்டுக்கு ஈந்தவை பல. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய உழைப்பை ஈந்தனர். அந்நியச் செலாவணியை ஈந்தனர். அவற்றுட் பலவும் கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒரு மணி நேரம் அந்தக் குழாய்க்குள் படுத்து ஒருவன் தருகின்ற அறிவு, கேட்டுப் பெற்ற ஈகையாய் இருக்கட்டும். அதற்கு வேண்டிய ஆயத்தம் பாடசாலையிலேயே தொடங்குகின்றது. ஒரு கடதாசியை எடுத்து, அதிலுள்ள தமிழை நிறுத்தி வாசித்து, விளங்காத இடத்திலே, "இதன் பொருள் என்ன?" என்று கேட்கும் பிள்ளையை உருவாக்குவதே அந்த ஆயத்தம். அப்பிள்ளை வீட்டில் இருக்குமாயின், பெருவிரலை மையில் தோய்க்குமுன் தாய் அதனிடம் கடதாசியைக் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்" என்பாள். அதன்பின் அவள் "சரி" என்றாலும் "வேண்டாம்" என்றாலும் அது அவளுடைய சொல்லாகவே இருக்கும்.